தள்ளிப்போன உள்ளாட்சித் தேர்தல்: தமிழ்நாடு, 2016–2022

தமிழ்நாட்டின் ஊரக, நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகளுக்கு 2016 அக்டோபரில் நடந்திருக்க வேண்டிய தேர்தல் ஒரே முறையாக நடக்கவில்லை. 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளுக்கு 2019 டிசம்பரிலும், ஒன்பது மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளுக்கு 2021 அக்டோபரிலும், மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளுக்கு 2022 பிப்ரவரியிலும் என மூன்று துண்டுகளாக அது நடந்து முடிந்தது. இடைப்பட்ட காலத்தில் ஊராட்சித் தலைவர், ஒன்றியக் குழுத் தலைவர், நகராட்சித் தலைவர், மேயர் ஆகியோரின் இடங்களில் தனி அலுவலர்கள் இருந்தனர். அவர்களை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை, அரசு நியமித்தது.

கிருஷ்ணகிரி மாவட்டம் இந்த வரலாற்றை இரண்டு கோணங்களில் காண உதவும். ஒன்று, மாவட்டத்தின் தென்மேற்கில் அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் செல்லும் சாலையில், காடுகளுக்கு நடுவே உள்ள நாட்றாம்பாளையம் போன்ற ஊராட்சிகள். மற்றொன்று, கர்நாடக எல்லையை ஒட்டிய தொழில் நகரமான ஓசூர். முன்னதில் மூன்றாண்டுக்கும் மேலாக ஊராட்சித் தலைவர் இல்லை. பின்னதில் ஐந்தாண்டுக்கும் மேலாக நகர்மன்றமே இல்லை. அந்த இடைவெளியில்தான் ஓசூர் நகராட்சி மாநகராட்சியாகவும் மாறியது.

சட்டம் சொன்னது

1993-இல் நடைமுறைக்கு வந்த 73, 74-ஆம் அரசியலமைப்புத் திருத்தங்களுக்கு முன், உள்ளாட்சித் தேர்தலை எப்போது நடத்துவது என்பது மாநில அரசின் விருப்பத்தைப் பொறுத்தே இருந்தது. தமிழ்நாட்டில் 1970-இல் ஊராட்சித் தேர்தல் நடந்தபின் அடுத்த தேர்தல் 1986-இல்தான் நடந்தது. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 1991-இல் முடிந்தது. அதன்பின் மேலும் ஐந்தாண்டு வெற்றிடம். சென்னை மாநகராட்சியின் நிலை இன்னும் மோசம். 1973-இல் கலைக்கப்பட்ட மாமன்றம் 1996 வரை திரும்பவில்லை. ஒரு தலைமுறை முழுவதும் மாமன்ற உறுப்பினர் என்பவரைப் பார்க்காமலே சென்னையில் வளர்ந்தது.

இந்த வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைப்பதே திருத்தங்களின் நோக்கம். அரசியலமைப்பின் 243-இ பிரிவு ஊராட்சிகளுக்கும், 243-யு பிரிவு நகராட்சிகளுக்கும் ஐந்தாண்டுக் காலத்தை வகுத்தன. அதற்கு மேல் ஒரு நாளும் நீட்டிக்க முடியாது. அந்தக் காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடித்திருக்க வேண்டும். இடையில் கலைக்கப்பட்டால் ஆறு மாதத்துக்குள் தேர்தல் வேண்டும். தேர்தலை நடத்தும் பொறுப்பு மாநிலத் தேர்தல் ஆணையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. இதன்படி தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 இயற்றப்பட்டு, 1996, 2001, 2006, 2011 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் அக்டோபர் மாதத்தில் தேர்தல் நடந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அக்டோபர் என்பது பழக்கமாகவே ஆகிவிட்டது.

அகமதாபாத் மாநகராட்சி தொடர்பான கிஷன்சிங் தோமர் வழக்கில் 2006-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கியது. வார்டு மறுவரையறை முடியவில்லை, வாக்காளர் பட்டியல் ஆயத்தமாகவில்லை என்பன போன்ற காரணங்களைக் காட்டித் தேர்தலைத் தள்ளக் கூடாது. அந்த வேலைகளை முன்கூட்டியே முடித்து வைப்பதுதான் ஆணையத்தின் கடமை என்றது. 2016-இல் தமிழ்நாட்டில் தொடங்கியதைப் புரிந்துகொள்ள இந்தத் தீர்ப்பை மனத்தில் வைத்திருப்பது நல்லது. அடுத்த மூன்றாண்டுகள் சொல்லப்பட்ட காரணங்களில் பெரும்பாலானவை அதில் ஏற்கெனவே மறுக்கப்பட்டவை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு

2016 செப்டம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை மாலை, மாநிலத் தேர்தல் ஆணையம் தேர்தல் தேதிகளை அறிவித்தது. அக்டோபர் 17, 19 ஆகிய நாள்களில் வாக்குப்பதிவு, 21-இல் எண்ணிக்கை. வேட்புமனுத் தாக்கல் மறுநாள் திங்கட்கிழமையே தொடங்கியது. முதலமைச்சர் ஜெயலலிதா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு மூன்று நாள்கள்தான் ஆகியிருந்தன. ஆளும் அதிமுக உடனடியாக வேட்பாளர் பட்டியலை வெளியிட்டது. மற்ற கட்சிகள் கூட்டணிப் பேச்சைக்கூடத் தொடங்கியிருக்கவில்லை.

திமுகவின் அமைப்புச் செயலாளர் ஆர்.எஸ். பாரதி சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார். பழங்குடியினருக்கு உரிய இடஒதுக்கீடு முறையாக வழங்கப்படவில்லை, சுழற்சி முறை பின்பற்றப்படவில்லை என்பது மனுவின் மையம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 1.1 விழுக்காடு. மாநில அளவில் சிறிய எண்தான். ஆனால் அவர்கள் மாநிலம் முழுதும் சீராகப் பரவி வாழவில்லை. மலையும் காடும் சார்ந்த சில வட்டாரங்களில் செறிந்து வாழ்கிறார்கள். அஞ்செட்டி, தளிப் பகுதிகளின் காட்டோரங்களில் இருளர் குடியிருப்புகள் உள்ளன. அப்படிப்பட்ட ஊரில் ஒரு வார்டு ஒதுக்கப்படுகிறதா இல்லையா என்பது, அந்தக் குடியிருப்பிலிருந்து ஒருவர் ஊராட்சி மன்றத்தில் உட்காருவாரா மாட்டாரா என்பதைத் தீர்மானிக்கும்.

அக்டோபர் 4 அன்று நீதிபதி என். கிருபாகரன் தேர்தல் அறிவிக்கைகளை ரத்து செய்தார். ஊராட்சித் தேர்தல் விதிகள் வகுத்த முறைப்படி அறிவிக்கை வெளியாகவில்லை என்பது முக்கியக் காரணம். புதிதாக அறிவித்து 2016 டிசம்பர் 31-க்குள் தேர்தலை முடிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார். இந்த இரண்டாம் பாதி பின்னாளைய அரசியல் வாதங்களில் அடிக்கடி விடுபட்டுப்போனது. “திமுக வழக்குப் போட்டுத் தேர்தலை நிறுத்திவிட்டது” என்று ஆளுங்கட்சி ஆண்டுக்கணக்கில் சொல்லி வந்தது. நீதிமன்றம் நிறுத்தியது அந்த ஒரு அறிவிக்கையைத்தான். தேர்தலுக்குக் கெடுவும் விதித்தது. அந்தக் கெடுவுக்குள் தேர்தலை நடத்தாமல் மேல்முறையீட்டுக்குச் சென்றது ஆணையம்.

அக்டோபர் 24-உடன் பதவிக்காலம் முடிந்தது. அவசரச் சட்டம் ஒன்றின் மூலம் மறுநாள் முதல் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். முதலில் அது 2016 டிசம்பர் 31 வரை என்றே சொல்லப்பட்டது.

ஆறு மாதம், ஆறு மாதமாக

2017 பிப்ரவரியில் உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, மே 14-க்குள் தேர்தலை நடத்தும்படி கூறியது. நடக்கவில்லை. செப்டம்பர் 4 அன்று தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி, நீதிபதி எம். சுந்தர் அமர்வு, அம்மாதம் 18-க்குள் அறிவிக்கை வெளியிட்டு நவம்பர் 17-க்குள் தேர்தலை முடிக்க உத்தரவிட்டது. அதுவும் நடக்கவில்லை. நீதிமன்ற அவமதிப்பு மனு தாக்கலானது. அதற்குள் சட்டமன்றத்தில் மறுவரையறை ஆணையச் சட்டம் நிறைவேறியிருந்தது. 2011 கணக்கெடுப்பின்படி வார்டுகளைப் புதிதாக வகுத்த பிறகே தேர்தல் என்பது அரசின் நிலையாயிற்று.

மறுவரையறை தேவையே இல்லாத வேலை என்று சொல்ல முடியாது. அதுவரை வார்டுகள் 1991 கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டவை. இடைப்பட்ட இருபதாண்டுகளில் ஓசூர் போன்ற ஊர்கள் உருவமே மாறிவிட்டன. சிப்காட் தொழிற்பேட்டை, அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் ஆலைகள், அவற்றுக்கு உதிரி பாகம் செய்யும் பட்டறைகள் என வளர்ந்த நகரத்தின் ஒரு வார்டும் பழைய வார்டும் மக்கள்தொகையில் ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை. ஆனால் 2011 கணக்கெடுப்பின் விவரங்கள் 2016-க்கு முன்பே கிடைத்தவை. அவற்றைக் கொண்டு வார்டு பிரிக்கும் வேலையைக் காலம் முடிந்த பிறகு தொடங்கியதுதான் கேள்விக்குரியது.

இப்படித் தனி அலுவலர்களின் காலம் ஆறாறு மாதமாக நீண்டது. ஒவ்வொரு நீட்டிப்புக்கும் ஒரு மசோதா, ஒவ்வொரு மசோதாவுக்கும் ஒரு காரணம். தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் எந்தக் காரணமும் விபரீதமாகத் தெரியாது. தேர்தலை ரத்து செய்கிறோம் என்று யாரும் ஒருபோதும் அறிவிக்கவில்லை. “விரைவில் நடக்கும்” என்றுதான் எப்போதும் சொன்னார்கள். சேர்த்துக் கணக்கிட்டபோது ஊரகப் பகுதிகளுக்கு மூன்றாண்டு இரண்டு மாதம் கழிந்திருந்தது.

இதே காலத்தில் மற்ற தேர்தல்கள் நின்றுவிடவில்லை. ஓசூர் சட்டமன்றத் தொகுதி 2019 ஜனவரியில் காலியானது. ஏப்ரல் 18 அன்று மக்களவைத் தேர்தலோடு இடைத்தேர்தல் நடந்து, திமுகவின் எஸ்.ஏ. சத்யா வென்றார். காலியான சட்டமன்றத் தொகுதியை ஆறு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்பது சட்டம். இந்தியத் தேர்தல் ஆணையம் அதை மூன்றே மாதத்தில் செய்தது. அதே ஓசூரில், அதே வாக்காளர்களுக்கு, நகர்மன்றத் தேர்தல் அப்போது இரண்டரை ஆண்டு பாக்கி. சாவடிகள் இருந்தன, இயந்திரங்கள் இருந்தன, பட்டியல் இருந்தது, பணியாளர்களும் இருந்தனர்.

தனி அலுவலர் காலத்து ஊராட்சி

கிராம ஊராட்சிகளுக்குத் தனி அலுவலர் என்பவர் வட்டார வளர்ச்சி அலுவலர், ஊர்ப்பேச்சில் பி.டி.ஓ. ஒரு ஒன்றியத்தின் எல்லா ஊராட்சிகளுக்கும் அவர் ஒருவரே. நாட்றாம்பாளையம் உள்ள தளி ஊராட்சி ஒன்றியத்தில் ஏறத்தாழ ஐம்பது ஊராட்சிகள். முன்பு ஐம்பது தலைவர்கள் செய்த வேலை ஒருவர் கைக்கு வந்தது. அதுவும் அவருடைய வழக்கமான பணிகளுக்கு மேல்.

தொலைவையும் கணக்கில் கொள்ள வேண்டும். நாட்றாம்பாளையத்திலிருந்து ஒன்றியத் தலைமையிடமான தளிக்குப் போக அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை வழியாகச் சுற்ற வேண்டும். ஐம்பது கிலோமீட்டருக்குக் குறையாத மலைச்சாலை. பாதி வழி யானைகள் நடமாடும் காடு. தெருவிளக்கு எரியவில்லை, மோட்டார் பழுதாகித் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை என்றால், தலைவர் இருந்தவரை அவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். அவர் நல்லவரோ இல்லையோ, ஊரில் இருப்பவர். அடுத்த தேர்தலில் அதே வாசலுக்கு வந்து வாக்குக் கேட்க வேண்டியவர். பி.டி.ஓ.வுக்கு அந்த நெருக்கடி இல்லை. அது அவருடைய குற்றமன்று, அவருடைய பதவியின் இயல்பு.

ஊராட்சியின் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திடுவது சட்டம் வகுத்த ஏற்பாடு. இருவரும் மக்களால் வந்தவர்கள். ஒருவரை ஒருவர் கண்காணிக்கும் வாய்ப்பு அதில் இருந்தது. தனி அலுவலர் காலத்தில் அந்த இரண்டு கையெழுத்தும் போயின. கிராம சபை மட்டும் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்ற வழக்கமான நாள்களை ஒட்டிக் கூட்டப்பட்டு வந்தது. ஆனால் சபை கேள்வி கேட்க வேண்டிய தலைவரின் நாற்காலியில் ஆள் இல்லை. சுவையான செய்தி என்னவென்றால், கிராம சபை என்ற சொல் தமிழக அரசியல் மேடைகளில் பெரிதாக ஒலித்தது இந்த ஆண்டுகளில்தான். 2018-இல் மக்கள் நீதி மய்யம் கிராம சபைகளைப் பற்றிப் பரப்புரை செய்தது. 2019 ஜனவரியில் திமுக தன் பெயரில் ஊராட்சிதோறும் கூட்டங்கள் நடத்தியது. மன்றம் இல்லாத வேளையில் சபைக்கு மவுசு வந்தது.

பண இழப்பும் உண்டு. 14-ஆவது நிதி ஆணையம் 2015–20 காலத்துக்கு நாடு முழுதும் உள்ள உள்ளாட்சிகளுக்கு 2,87,436 கோடி ரூபாய் பரிந்துரைத்திருந்தது. முறையாக அமைக்கப்பட்ட, அதாவது தேர்ந்தெடுக்கப்பட்ட, அமைப்புகளுக்கே அந்த மானியம் என்பது நிபந்தனை. தேர்தல் நடக்காததால் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய தொகையை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. மாநில அமைச்சர்கள் தில்லிக்குச் சென்று அதைக் கேட்டுக்கொண்டே இருந்தனர். குடிநீர், வடிகால், சாலை, விளக்கு ஆகிய அடிப்படைப் பணிகளுக்கான பணம் அது. சொந்த வருவாய் மிகக் குறைந்த காட்டோர ஊராட்சிகளுக்கு வெளியிலிருந்து வரும் மானியமே பெரும்பகுதி என்பதால், தொழிற்சாலை வரி வரும் ஓசூரை ஒட்டிய ஊராட்சிகளைவிட இவையே கூடுதலாக அடிபட்டன.

2019: பாதித் தேர்தல்

உச்ச நீதிமன்றத்தின் நெருக்குதலால் 2019 இறுதியில் தேர்தல் நெருங்கியபோது புதிய முடிச்சுகள் விழுந்தன. அந்த ஆண்டில் மட்டும் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என ஐந்து புதிய மாவட்டங்கள் அறிவிக்கப்பட்டிருந்தன. மாவட்டம் பிரிந்தால் மாவட்ட ஊராட்சியும் பிரிய வேண்டும், இடஒதுக்கீடும் மாற வேண்டும். நவம்பரில் இன்னொரு அவசரச் சட்டம் வந்தது: மேயர், நகராட்சி, பேரூராட்சித் தலைவர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள், உறுப்பினர்களே தேர்ந்தெடுப்பார்கள். 1996, 2001-இல் நேரடி, 2006-இல் மறைமுகம், 2011-இல் நேரடி, 2016-இல் மறைமுகம் என்று சட்டத் திருத்தம், 2018-இல் மீண்டும் நேரடி, 2019-இல் மீண்டும் மறைமுகம். இவ்வளவு முறை புரட்டப்பட்ட வேறொரு பதவியைத் தமிழ்நாட்டில் காண்பது அரிது. ஒவ்வொரு புரட்டலும் அந்நேர ஆளுங்கட்சியின் கணக்கையே காட்டுகிறது.

டிசம்பர் 2-இல் ஊரக உள்ளாட்சிகளுக்கு மட்டும் தேர்தல் அறிவிக்கப்பட்டது. நகர்ப்புறம் விடப்பட்டது. திமுகவும் பிறரும் உச்ச நீதிமன்றம் சென்றனர். டிசம்பர் 6 அன்று தலைமை நீதிபதி எஸ்.ஏ. பாப்டே தலைமையிலான அமர்வு, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருநெல்வேலி, தென்காசி ஆகிய ஒன்பது மாவட்டங்களில் மறுவரையறை முடித்து நான்கு மாதத்துக்குள் தேர்தல் நடத்தவும், மற்ற மாவட்டங்களில் உடனே நடத்தவும் ஆணையிட்டது. மறுநாளே புதிய அட்டவணை வெளியானது.

2019 டிசம்பர் 27, 30 ஆகிய இரு நாள்களில் 27 மாவட்டங்களில் வாக்குப்பதிவு நடந்தது. மொத்தம் 91,975 பதவிகள்: 9,624 ஊராட்சித் தலைவர்கள், 76,746 ஊராட்சி வார்டு உறுப்பினர்கள், 5,090 ஒன்றியக் குழு உறுப்பினர்கள், 515 மாவட்ட ஊராட்சி உறுப்பினர்கள். கிருஷ்ணகிரி அந்த 27-இல் ஒன்று. இயந்திரம் கிடையாது, வாக்குச்சீட்டும் பெட்டியும்தான். ஒரு வாக்காளர் நான்கு சீட்டுகள் வாங்கினார். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். முதல் இரண்டும் கட்சிச் சின்னம் இல்லாதவை. ஊருக்குள் நிற்பவர்கள் மாமன், மச்சான், பங்காளி, எதிர்வீட்டுக்காரர் என்பதால், சட்டமன்றத் தேர்தலில் காணாத சூடு இவற்றுக்கு உண்டு.

2020 ஜனவரி 2-இல் எண்ணிக்கை தொடங்கி மறுநாளும் நீண்டது. ஒன்றிய, மாவட்ட வார்டுகளில் திமுக கூட்டணி அதிமுக கூட்டணியைவிடக் கூடுதல் இடம் பெற்றது. ஜனவரி 6-இல் உறுப்பினர்கள் பதவியேற்றனர். நாட்றாம்பாளையம் உட்பட மாவட்டத்தின் ஊராட்சிகளுக்குத் தலைவர்கள் திரும்பினர்.

காங்கோவின் அதே ஆண்டுகள்

ஒரு தேர்தலை ஒழிக்காமலே ஒழிக்கும் இந்த முறை தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. மத்திய ஆப்பிரிக்காவின் காங்கோ மக்களாட்சிக் குடியரசில் இதே ஆண்டுகளில், மிகப் பெரிய அளவில், மிகக் கொடிய விளைவுகளோடு இது நடந்தது. அதிபர் ஜோசப் கபிலாவின் இரண்டாம் பதவிக்காலம் 2016 டிசம்பர் 19-இல் முடிந்தது. மூன்றாம் முறைக்கு அரசியலமைப்பில் இடமில்லை. அவர் காலத்தை நீட்டிக்கவில்லை, தேர்தலைத்தான் நடத்தவில்லை. அடுத்தவர் வரும்வரை இருக்கலாம் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் முன்கூட்டியே சொல்லியிருந்தது. வாக்காளர் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும் என்றது தேர்தல் ஆணையம். எதிர்ப்புப் போராட்டங்களில் உயிர்கள் பலியாயின. கத்தோலிக்க ஆயர்கள் நடுவில் நின்று 2016-இன் கடைசி நாளில் செய்துவைத்த உடன்பாடு, 2017 முடிவதற்குள் தேர்தல் என்றது, அதுவும் தவறியது.

இறுதியில் 2018 டிசம்பர் 23 என்று நாள் குறிக்கப்பட்டது. பத்து நாள் முன்பு தலைநகர் கின்ஷாசாவில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் வைத்திருந்த கிடங்கு தீப்பிடித்தது. தேர்தல் டிசம்பர் 30-க்குப் போனது. எபோலா நோயும் வன்முறையும் காரணமாகச் சொல்லப்பட்டு பெனி, புடெம்போ, யும்பி பகுதிகளின் வாக்குப்பதிவு 2019 மார்ச்சுக்குத் தள்ளப்பட்டது. அதாவது, ஜனவரியில் அதிபர் பதவியேற்ற பிறகு அவர்கள் வாக்களிக்கலாம்! ஃபெலிக்ஸ் ட்சிசெகெடி வென்றதாக ஆணையம் அறிவித்தது. மார்ட்டின் ஃபயுலு தானே வென்றதாகச் சொல்லி நீதிமன்றம் சென்றார். ஏறத்தாழ 40,000 பார்வையாளர்களை அமர்த்தியிருந்த திருச்சபை, அறிவிப்பு தங்கள் கணக்கோடு பொருந்தவில்லை என்றது. நீதிமன்றம் ஃபயுலுவின் மனுவைத் தள்ளியது.

இரண்டையும் சமமாக வைப்பது தவறு. தமிழ்நாட்டில் யாரும் சுடப்படவில்லை. நீதிமன்றங்கள் தேர்தலை நடத்தும்படி திரும்பத் திரும்பச் சொல்லின. எண்ணிக்கை பெரும்பாலும் ஏற்கப்பட்டது. ஆனால் தள்ளிவைப்புக்குச் சொல்லப்பட்டவை வியக்கத்தக்க அளவு ஒன்றாக இருக்கின்றன. பட்டியல், வரையறை, பாதுகாப்பு, நேரமின்மை. சில பகுதிகளை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடங்களில் தேர்தலை முடிப்பதும் அப்படியே. இலங்கையில் 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்ற காரணத்தால் நின்றது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. தேர்தல் 2025 மே 6-இல்தான் நடந்தது.

எல்லைக்கு அப்பாலும் பார்க்கலாம். கர்நாடகத்தில் 2020-இல் நடக்க வேண்டிய கிராமப் பஞ்சாயத்துத் தேர்தல் கொரோனாவால் தள்ளிப்போனாலும், உயர் நீதிமன்ற ஆணைக்குப்பின் அதே ஆண்டு டிசம்பர் 22, 27-இல் நடந்து முடிந்தது. அதை வைத்துக் கர்நாடகத்தை மெச்சவும் முடியவில்லை. 2020 செப்டம்பரில் காலம் முடிந்த பெங்களூரு மாநகராட்சி மன்றத்துக்கு ஆண்டுக்கணக்கில் தேர்தலே நடக்கவில்லை. ஓசூரிலிருந்து நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருபவர், சில காலம் மாமன்றமில்லாத நகரத்தில் குடியிருந்து, மாமன்றமில்லாத நகரத்தில் வேலை பார்த்தார்.

ஓசூரின் விடுபட்ட ஒரு மன்றம்

2019 பிப்ரவரியில் ஓசூரும் நாகர்கோவிலும் மாநகராட்சிகளாகத் தரம் உயர்த்தப்பட்டன. ஓசூருக்கு இது பெரிய மாற்றம். வரி, கட்டட அனுமதி, சுற்றியுள்ள பகுதிகளின் சேர்க்கை என எல்லாவற்றையும் தொடும் மாற்றம். அதைப் பற்றி விவாதித்துத் தீர்மானம் போட நகர்மன்றம் என ஒன்று அப்போது இல்லை. ஆணையரே தனி அலுவலர். மன்றத்தின் தீர்மானமும் அவரே, அதை நிறைவேற்றும் அதிகாரியும் அவரே.

ஒன்பது மாவட்டங்களுக்கு உச்ச நீதிமன்றம் கொடுத்த நான்கு மாதம் முடியும் வேளையில் கொரோனா வந்தது. அது உண்மையான காரணம்தான், ஓரளவுக்கு. 2021 ஏப்ரல் 6-இல் சட்டமன்றத் தேர்தல் மாநிலம் முழுதும் ஒரே நாளில் நடந்து, ஆட்சியும் மாறியது. உள்ளாட்சிகள் மட்டும் அப்படியே கிடந்தன. ஜூன் 22 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் கெடு விதித்த பிறகே, ஒன்பது மாவட்ட ஊரகத் தேர்தல் அக்டோபர் 6, 9 ஆகிய நாள்களில் நடந்தது. நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19-இல் 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், பேரூராட்சிகளுக்கு ஒரே கட்டமாக நடந்தது.

ஓசூர் மாநகராட்சியின் 45 வார்டுகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் மார்ச் 2-இல் பதவியேற்றனர். இரண்டு நாள் கழித்து நடந்த மறைமுகத் தேர்தலில் எஸ்.ஏ. சத்யா ஓசூரின் முதல் மேயரானார்; 2019-இல் மூன்றே மாதத்தில் நடந்த இடைத்தேர்தலில் வென்ற அதே சத்யா. பழைய நகர்மன்றம் கலைந்ததற்கும் புதிய மாமன்றம் கூடியதற்கும் இடையே ஐந்தாண்டு நான்கு மாதம். ஒரு மன்றத்தின் முழு ஆயுள் ஐந்தாண்டு. எனவே ஓசூரில் தேர்தல் தாமதமானது என்பதைவிட, 2016 முதல் 2021 வரை இருந்திருக்க வேண்டிய ஒரு நகர்மன்றம் பிறக்கவே இல்லை என்பதே சரி. அந்த மன்றத்தில் முதன்முறையாக 50 விழுக்காடு இடங்களில் பெண்கள் அமர்ந்திருப்பார்கள். அதற்கான சட்டம் 2016 தொடக்கத்திலேயே சட்டமன்றத்தில் நிறைவேறியிருந்தது. மாநிலம் முழுதும் நகரங்களில் அந்தப் பெண்கள் 2022 வரை காத்திருந்தார்கள்.

துண்டுதுண்டாக நடந்ததன் விளைவு இன்றும் தொடர்கிறது. ஐந்தாண்டு என்பது முதல் கூட்டத்திலிருந்து கணக்கிடப்படுவதால், 27 மாவட்ட ஊராட்சிகளின் காலம் ஒரு நாளிலும், ஒன்பது மாவட்டங்களின் காலம் 2026 அக்டோபரிலும், நகரங்களின் காலம் 2027 மார்ச்சிலும் முடிவதாக அமைந்தது. பழைய அக்டோபர் ஒழுங்கு குலைந்தது.

27 மாவட்டங்களின் காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. அதற்குள் தேர்தல் நடத்தப்படவில்லை. ஊராட்சிகளை நகராட்சிகளோடு இணைப்பது, வார்டுகளை மறுவரையறை செய்வது, ஒன்பது மாவட்டங்களோடு சேர்த்தே தேர்தல் நடத்துவது என்பன காரணங்களாகச் சொல்லப்பட்டன. இம்முறை ஆட்சியில் இருந்தது திமுக. தனி அலுவலர்களை நியமிக்கும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது, முதலில் ஆறு மாதத்துக்கு. நாட்றாம்பாளையம் உட்படத் தளி ஒன்றியத்தின் ஊராட்சிகள் மீண்டும் தனி அலுவலர் கைக்குச் சென்றன. ஜூலையில் அந்த ஆறு மாதம் முடிந்தபோது, இன்னோர் ஆறு மாதம் சேர்க்கப்பட்டது.